கஞ்சி குடிக்கேன், நல்லா இருக்கேன்

1

இன்று சனிக்கிழமை. காலை எட்டு இருபதுக்குத் தபால் வந்தது. ஒன்பது பத்துக்கு நாகலாபுரத்துக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தேன். இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றாள் எக்சேஞ்சுப் பெண். ஊரில் அப்போது பிற்பகல் இரண்டு நாற்பது. பஜாரில் உள்ள மிளகாய் வத்தல் கமிஷன் கடையில்தான் போன் இருக்கிறது. கடை அண்ணாச்சி ஆள் அனுப்பி என் அண்ணனைக் கூட்டிவர வேண்டும். மழை பெய்திருந்தால் கரிசலில் நடந்து வர இன்னும் கால் மணி நேரம் கூடும்.

காத்திருக்கும்போது எனக்குக் கை சும்மா இருக்காது. மேசை இழுப்பறையை அடுக்கினேன். பேனாக்களுக்கு மை நிரப்பினேன். இரண்டாவது டீ போட்டுக் குடித்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இதைப் படிப்பவர்களில் சிலருக்கு என் அண்ணனைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன் பெயர் வேலுச்சாமி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாகலாபுரத்துக்கு மேற்கே மானாவாரி நிலத்தில் பருத்தியும் கம்பும் வத்தலும் போடுகிறவர். நான் அறுவை மருத்துவன். உணவுக்குழாய், இரைப்பை, குடல், அவற்றில் வரும் புற்று, இவைதான் என் வேலை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கத்தி, இரண்டு நாள் ஆராய்ச்சிக் காகிதம்.

இன்று வந்த கடிதம் அண்ணனுடையது. அதில் ஒரு வரி: "கஞ்சி குடிக்கேன், நல்லா இருக்கேன், கவலைப்படாதே."

இந்த வரிக்காக ஒருவன் கடல் கடந்து போன் போடுவானா என்று கேட்பீர்கள்.

2

எழுபதுகளின் கடைசியில் ஐந்து மாதம் விடுப்பெடுத்துக் கோவில்பட்டிக்கு வந்தேன். கரிசல் பக்கத்தில் உணவுக்குழாய்ப் புற்று எப்படித் தொடங்கி எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளர் அறைக்குப் பக்கத்தில் மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். படிவத்தை இங்கேயே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். முதல் கேள்வி, விழுங்குவதில் சிரமம் உண்டா, எத்தனை நாளாக என்பது. அதை நானே தமிழாக்கிக்கொண்டேன். என் தாய்மொழிதானே. "சாப்பாடு நல்லா எறங்குதா?"

செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் மருந்துக் கடைக்கோ விதைக் கடைக்கோ பஸ்ஸில் கோவில்பட்டி வருவார். வேலை முடிந்ததும் என் அறை பெஞ்சில் வந்து உட்கார்ந்து கொள்வார். வெளியே போகச் சொன்னால் போக மாட்டார். "நான் என்ன ஒன் ரகசியத்தையா திருடிட்டுப் போறேன்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, கரிசல் விவசாயி, வந்தார். ஐம்பது வயதிருக்கும். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்டேன்.

"சாப்பாடு நல்லா எறங்குதா அண்ணாச்சி?"

"எறங்குது சார். நல்லா எறங்குது."

"பெறகு என்ன கஷ்டம்?"

"நாலு நாளா தண்ணியே நிக்க மாட்டேங்கு. குடிச்சா அப்பிடியே வெளிய வந்துருது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. கஞ்சி குடிச்சிட்டுக் காட்டு வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தேன்."

சிரமம் தொடங்கி நான்கு நாள் என்று எழுதினேன். அவரை எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பிவிட்டுத் திரும்பினால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே டாக்டரு, நாலு நாளுலயா ஒரு ஆளு இப்பிடி வத்திப்போவாரு? அவரு வேட்டியப் பாத்தியா? இடுப்புல ரெண்டு சுத்துக் கூடச் சுத்திருக்காரு."

"அண்ணே, அதுக்கெல்லாம் படிவத்துல கட்டம் கெடையாது."

"கட்டம் இல்லன்னா போட்டுக்கிட வேண்டியதான. ஒன் ரூல் தடி எங்கலே?"

"போட முடியாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே படிவம். அதான் ஆராய்ச்சி."

"சரி, சரி. நீ கேக்கது ஒண்ணு, அவிய சொல்லுதது ஒண்ணு. நல்லா நடக்கட்டும் ஒன் ஆராய்ச்சி" என்று விதைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

படம் வந்தபோது அந்தச் சம்சாரியின் உணவுக்குழாயில் ஒரு நூல் போகிற வழிதான் மிச்சம் இருந்தது. அறுவை செய்கிற கட்டத்தை அவர் தாண்டியிருந்தார். நான்கே நாளில் இப்படியா என்று நான் வியந்தேன். வியந்ததை டைரியிலும் எழுதினேன்.

அவரைப் போலத்தான் பெரும்பாலானவர்களும் சொன்னார்கள். திரும்பி வந்து கட்டுரை எழுதினேன். கரிசல் பூமியில் இந்த நோய் மற்ற இடங்களைவிட மிக வேகமாக வளர்கிறது என்பது அதன் முடிவு. ஒரு நல்ல மருத்துவ இதழ் வெளியிட்டது. மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். கரிசல் தண்ணீரில் என்ன இருக்கிறது, வத்தலில் என்ன இருக்கிறது என்று எங்கிருந்தோ யார் யாரோ கேட்டு எழுதினார்கள். இந்தத் துறையில் என் பெயர் தெரிந்ததே இந்தக் கட்டுரையால்தான்.

3

இங்கே வந்த முதல் மாதத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வார்டில் ஒரு மூதாட்டி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "டீ ஆச்சு, டாக்டர்" என்றார். நீராகாரம் மட்டும் என்று குறித்துவிட்டு அவருக்குச் சத்து ஊசி ஏற்றச் சொன்னேன். வார்டு சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பக்கத்தில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. ரொட்டி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் அதில் அடக்கம். அந்த அம்மா ஒரு முழுத் தட்டைக் காலி செய்திருந்தார்.

அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இவர்கள் ஒரு சொல்லைச் சொன்னால் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்று வரிசை எண் போட்டு எழுதத் தொடங்கினேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. ஊர்ப் பேச்சுக்கு அப்படி ஒரு நோட்டு தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

4

எங்கள் மகள் செல்விக்கு இப்போது பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஷெல்லி. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். இரண்டு வருடத்துக்கு முன், தமிழ் அடியோடு போய்விடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெரியப்பாவின் கடிதத்தில் பத்து வரி உரக்கப் படிக்க வேண்டும். அவளுக்கு அது தண்டனைதான். எழுத்துக் கூட்டி, கல் பொறுக்குகிற மாதிரி படிப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை "க-ஞ்-சி கு-டி-க்-கே-ன்" என்று படித்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பா ஏன் எப்பவும் குடிக்கிறாங்க? அவங்களுக்குப் பல்லு இல்லையா?"

"கஞ்சியக் குடிக்கிறதுன்னுதாம்மா சொல்லுவோம். அது சாப்பாடுதான்."

"பட், குடிச்சா எப்படி அது சாப்பாடு ஆகும்? போன லெட்டர்லயும் குடிச்சாங்களே. மெல்லவே மாட்டாங்களா?"

நான் அவளைத் திருத்தத்தான் வாயைத் திறந்தேன். திருத்தாமல் எழுந்துபோய் அண்ணனின் கடிதக் கோப்பை எடுத்தேன். வந்த தேதிப்படி துளையிட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த வருடத்துக் கடிதங்கள் ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

சித்திரை: "கோயில்பட்டியில் புரோட்டா தின்னேன். இப்பல்லாம் ரப்பர் மாதிரி போடுதான். நெஞ்சுல நிக்கி."

ஆனி: "உன் மதினி சமையல் வரவரக் கல்லுக் கல்லா இருக்கு. சோத்தைக் குழைய வடிக்கச் சொல்லிருக்கேன்."

ஆவணி: "ரேஷன் அரிசி மோசம். மோர் ஊத்திக் கரைச்சுத்தான் உள்ள தள்ளுதேன்."

ஐப்பசி: "மழை. வேலை கிடையாது. கஞ்சி குடிக்கேன்."

கார்த்திகை: "கஞ்சி குடிக்கேன், நல்லா இருக்கேன்."

புரோட்டாக்காரன் மேல் ஒரு குற்றம், மதினி மேல் ஒரு குற்றம், ரேஷன் கடை மேல் ஒரு குற்றம். தன் தொண்டை மேல் மட்டும் குற்றமே இல்லை. முதலில் கெட்டியானது நின்றது, பிறகு குழைந்தது நின்றது, பிறகு நீர் மட்டும் போகிறது. முதல் வருட மாணவனுக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடும் வரிசை இது. எட்டு மாதமாக என் வீட்டுக்கே தபாலில் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் தேதி குறித்துத் துளையிட்டு வைத்திருக்கிறேன்.

அன்றும் ட்ரங்க் கால்தான். மூன்று நிமிடம் கிடைத்தது.

"அண்ணே, சாப்பாடு எறங்குதா?" பழக்கதோஷம், அதே கேள்விதான் வந்தது.

"எறங்குதுலே. நல்லா இருக்கேன். செல்வி எப்பிடி இருக்கா?"

"அது இருக்கட்டும். கடைசியா எதை மென்னு தின்னீங்க? எப்ப?"

எதிர்முனையில் கடை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"தீவாளிக்கு ஒன் மதினி அதிரசம் தந்தா" என்றார் மெதுவாக. "பாதி கடிச்சேன். துப்பிட்டேன். அவகிட்டச் சொல்லிராத."

5

மறுநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அவசர விடுப்பு பெற்றோர், மனைவி, மக்களுக்குத்தான் என்றார் அலுவலக எழுத்தர். நல்ல மனிதர். விதிப்புத்தகத்தையே திருப்பிக் காட்டினார். சகோதரன் அதில் இல்லை. எனக்குப் பத்து வயதில் அப்பா போனார், அதற்குப் பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான் என்று சொன்னேன். "அப்படியானால் சட்டப்படி கார்டியனா? காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார். கரிசல் காட்டில் அண்ணன் தம்பியைப் படிக்க வைப்பதற்கு யார் காகிதம் எழுதினார்கள்! கடைசியில் சம்பளமில்லா விடுப்பில் போனேன்.

மதுரையில் என்னோடு படித்த நண்பன் அறுவை செய்தான். உடன்பிறந்தவரை நான் தொடக் கூடாது என்று என்னை வெளியே உட்கார வைத்துவிட்டான். ஐந்து மணி நாற்பது நிமிடம். எத்தனையோ குடும்பங்களை இப்படி உட்கார வைத்திருக்கிறேன். அவர்களைப் போலவே கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கட்டி எடுக்கக்கூடிய கட்டத்தில்தான் இருந்தது. இன்னும் இரண்டு மாதம் அவர் நல்லா இருக்கேன் என்றே எழுதியிருந்தால் எடுக்க முடிந்திருக்காது.

எட்டாம் நாள் முதன்முதலாக இட்லி கொடுத்தோம். அண்ணன் அரை இட்லியை வெகுநேரம் மென்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, அந்தக் கயத்தாத்துக்காரரு என்ன ஆனாரு?"

"எவரு?"

"வேட்டியச் சுத்திச் சுத்திக் கெட்டிருந்தாரே. நாலு நாளுன்னு எழுதுனியே."

போய்விட்டார் என்றேன். எத்தனை நாளில் என்று கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. மீதி அரை இட்லியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவரும் என்னைய மாதிரித்தாம்லே சொல்லிருக்காரு. நீ சாப்பாடு எறங்குதான்னு கேட்டா, எறங்குதுன்னுதான் சொல்லுவோம். எங்களுக்குக் கஞ்சிதான சாப்பாடு. சோறு எறங்கலன்னா கஞ்சிக்கு வந்துருவோம். அத ஒரு சீக்குன்னு எவன் நெனப்பான்?"

6

திரும்பி வந்ததும் பழைய படிவப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாகப் பார்க்க மூன்று வார இறுதி ஆயிற்று. கடைசியில் குறிப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே என் கையெழுத்தில், நேர்கோட்டில், தெளிவாக இருந்தது: கஞ்சி குடிக்கிறார், சிரமமில்லை. அடுத்ததில்: கூழ் மட்டும், சிரமமில்லை. அதற்கடுத்ததில்: கஞ்சி. கட்டம் இல்லாத இடத்தில்கூட நான் எழுதியிருக்கிறேன். படிக்கத்தான் இல்லை. கரிசலில் நோய் வேகமாக வளரவில்லை. எங்கும் போலத்தான் மாதக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. அந்த மாதங்களை அவர்கள் கஞ்சியில் கழித்திருக்கிறார்கள், நான் சிரமமில்லை என்று கழித்திருக்கிறேன்.

அப்போது ஒரு மேல் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்தது. நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"இது ஒரு மொழிபெயர்ப்புச் சமாச்சாரம். கணக்கில் தவறில்லையே?"

"கணக்கு சரி. கேள்வி தவறு."

"நேர்முகம் முடியட்டும். பிறகு எழுதலாமே."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போட்டால் நான் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் முடிவு தவறு, காரணம் இது என்று இதழுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தேன். நகலை நேர்முகத்துக்குக் கொண்டுபோனேன். பதவி வேறொருவருக்குப் போயிற்று. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போதும் என் கட்டுரையைக் காட்டி யாராவது எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஒன்றரைப் பக்கத்தின் நகலை அனுப்புகிறேன். சிலர் பதில் போடுகிறார்கள். கயத்தாறு சம்சாரிக்கு மட்டும் எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

அண்ணனோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். கடிதத்தில் மழை, பருத்தி எதை எழுதினாலும், கடைசியில் மென்றது என்ன என்று எழுத வேண்டும். கேலி செய்துகொண்டே எழுதுவார். "மென்னது: இட்லி ரெண்டு, முறுக்கு ஒண்ணு, ஒன் மதினி ஏச்சு ஒரு மரக்கால்." இரண்டு வருடமாக ஒரு கடிதத்திலும் அந்த வரி தப்பியதில்லை.

இன்று வந்த கடிதத்தில் அது இல்லை. கஞ்சி மட்டும் இருக்கிறது. போதாததற்குக் கவலைப்படாதே என்று வேறு எழுதியிருக்கிறார். இந்த நோய் திரும்பி வரும் காலக்கணக்கு எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மனமில்லை.

மணி பதினொன்று ஐந்து. நான்காவது டீ. போனை எடுத்து இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று உடனே வைத்துவிட்டேன்.

7

பதினொன்று இருபத்து மூன்றுக்கு மணி அடித்தது. செல்வி மாடியிலிருந்து ஓடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"யாரு, டாக்டரா?" கடை அண்ணாச்சி குரல். "இந்தா, இருக்காவ. குடுக்கேன்."

"அண்ணே! கஞ்சி குடிக்கேன்னு எழுதிருக்கீங்களே?"

"ஆமா, குடிக்கேன். என்னலே, ஆளு விட்டு இழுத்துட்டு வாரான், நான் யாருக்கு என்னமோன்னு பதறிட்டேன்."

"மென்னது எழுதலியே?"

"எடமில்லலே அந்த நீலத் தாளுல. இந்த வருசம் நல்ல மழை, அத எழுதவே சரியாப் போச்சு. புதுக் கம்பு வீட்டுக்கு வந்திருக்கு. பெறகு கம்மங்கஞ்சியக் குடிக்காம கடிச்சா திம்பாக?"

"எனக்கு அது போதாது. அங்கன கடையில மெல்லுத மாதிரி என்ன இருக்கு?"

அவர் யாரிடமோ கேட்டார். சிரிப்புக் கேட்டது. "சேவு இருக்காம். காராச்சேவு."

"ஒரு வாய் மெல்லுங்க. நான் கேக்கணும்."

"ஏலே, கடையில பத்துப் பேரு நிக்காக."

"நிக்கட்டும்."

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். மொறுமொறு என்று சத்தம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரைச்சலோடு, தெளிவாக. பிறகு அது நின்றது. விநாடி முள் நகர்ந்தது. ஐந்து. ஆறு. இருமல் வருகிறதா என்று காது கொடுத்தேன். தண்ணீர் கேட்கிறாரா என்று கவனித்தேன். ஒன்பது.

"எறங்கிட்டுலே" என்றார். "தண்ணி இல்லாம. காரம் கொஞ்சம் கூட. போதுமா? இன்னொரு வாய் வேணுமா?"

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவரே பேசினார்.

"சரி, நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே."

போனில் குரல் கசிந்து படிக்கட்டு வரை கேட்டிருக்கிறது. செல்வி எழுந்து வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பெரியப்பா, அப்பா பொய் சொல்றாங்க. காலையில இருந்து ஒண்ணும் தின்னல. குடிச்சாங்க. டீ. நாலு."

அண்ணன் குரல் எனக்கும் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது.

"குடிச்சானா? ஏட்டி, ஒரு துண்டு ரொட்டிய எடுத்து அவன் கையில குடு. போன அவன் வாய்க்கிட்டப் புடி. நாங்க பத்துப் பேரும் கேக்கோம்."

செல்வி அடுக்களைக்கு ஓடினாள். நேற்றைய ரொட்டியின் ஓரத்துண்டு, காய்ந்து கெட்டியாக இருந்தது. ஊரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் மெல்லத் தொடங்கினேன்.